நிலம் வந்தா என்ன போடுவீங்க தோழர்?

பஞ்சமி நில மீட்பு பற்றி ஒரு கருத்தரங்கம். நானும் மேடையில் இருந்தேன். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891ல் கொடுத்த அறிக்கையில் ஆரம்பித்தோம். 1892 அரசாணை, 12 லட்சம் ஏக்கர் என்று நாம் சொல்லிவருகிற கணக்கு, 10 வருசத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்ற நிபந்தனை, அந்த நிபந்தனை காற்றில் போன கதை, காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தது, எல்லாம் பேசி முடித்தோம். கைதட்டினார்கள். டீ வந்தது. கலையப் போகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டது:

“நிலம் வந்தா என்ன போடுவீங்க தோழர்?”

மேடையில் நாங்கள் 5 பேர். ஒருத்தர் கூட்டுப் பண்ணை பற்றி ஆரம்பித்தார். “அதுல என்ன பயிரு?” என்று அந்தப் பொண்ணு விடாமல் கேட்டதும் நிறுத்திக்கொண்டார். இன்னொருத்தர், மொதல்ல நிலம் வரட்டும் தோழர் என்றார். நான் மைக்கைப் பக்கத்தில் இருந்தவர் பக்கம் தள்ளிவிட்டேன். “இல்ல, எங்கம்மா வீட்டுக்குப் பின்னால இத்தினியூண்டு எடத்துல பதினஞ்சு வகை போடுது, அதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு அது உட்கார்ந்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அந்தக் கேள்விதான் மண்டைக்குள். நில உரிமை பற்றி 30 வருசமாகப் பேசுகிற எனக்கு நிலம் என்றால் சர்வே நம்பர், அ-பதிவேடு, வழக்கு எண், தடையாணை. அதில் ஒரு மொளகா செடி கிடையாது. ஆனா எங்கம்மா வீட்டுக்குப் பின்னாலும் பதினஞ்சு வகை இருக்கத்தான் இருக்கு. அதைத் தின்றுதான் வளர்ந்தேன். அதை ஒரு நாளும் அரசியலில் சேர்த்து யோசித்ததில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பொண்ணுக்குக் கொடுக்க வேண்டிய பதில். கொஞ்சம் லேட்டுதான்.

எனக்குப் பழைய தென்னாற்காடு மாவட்டம். எங்க பக்கம் வீட்டுக்குப் பின்னால் இருப்பது ‘தோட்டம்’. தஞ்சாவூர்த் தோழர்கள் அதைத்தான் ‘கொல்லை’ என்பார்கள். எங்களுக்குக் கொல்லை என்றால் மானாவாரி மேட்டு நிலம், அது ஊர்க்காரர்களுடையது. நாங்கள் கொல்லைக்குப் போனால் கூலிக்குப் போகிறோம் என்று அர்த்தம். எங்கள் கையில் இருந்தது தோட்டம் மட்டும்தான். அதுவும் ஆயா பேருக்கு வந்த 3 செண்ட் இலவச மனைப் பட்டாவில் வீடு போக மிச்சம். ஒரு செண்ட் என்பது 435 சதுர அடி சொச்சம். 3 செண்டுக்கு ஏறக்குறைய 1300. அதில் வீடு, வாசல், ஆட்டுப் பட்டி, அடுப்பெரிக்க விறகு அடுக்குகிற இடம் எல்லாம் போக என்ன மிஞ்சுமோ அதுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

அந்த மிச்சத்தில் ஆயா என்னென்ன வைத்திருந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். மூலையில் முருங்கை. பாத்திரம் கழுவுகிற தண்ணி போய் விழுகிற இடத்தில் வாழை ஒரு கட்டை, பக்கத்தில் பப்பாளி. கூரை மேல் சுரைக்கொடியும் பரங்கிக்கொடியும். ஆடியில் விதை போட்டு நாலு கழி நட்டுப் பந்தல் கட்டிய அவரை, அது மார்கழி, தையில் காய்க்கும். வேலி ஓரமாக யாரும் நடாமலே கோவையும் முடக்கத்தானும். கத்திரி, மொளகா, தக்காளி எல்லாம் ஏழெட்டுச் செடி, வரிசை கிரிசை எல்லாம் கிடையாது, எங்கே இடம் இருக்கோ அங்கே. சிறுகீரையும் தண்டங்கீரையும் தெளித்துவிட்டது. ஒரு கொய்யா, பட்டா கொடுத்த வருசம் வைத்ததாம். எருவுக்கு ஆட்டுப் புழுக்கை. அவரையில் அசுவினி விழுந்தால் விடியக்காலையில் பனி ஈரத்தோடு இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவும். விதைக்கு நல்ல சுரைக்காய் ஒன்றைக் கொடியிலேயே முத்தவிட்டு, விதையை எடுத்துச் சாணியில் பதித்து வறட்டி மாதிரி சுவரில் அடித்து வைக்கும். அடுத்த ஆடிக்கு வறட்டியைப் பிட்டு நட வேண்டியதுதான். விதைக் கம்பெனி, வங்கிக் கடன், மானியம், ஒரு எழவும் வேண்டியதில்லை.

ருசியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மார்கழிக் கடைசியில் முதல் அவரைக்காயைப் பறித்து ஆயா கருவாட்டுக் குழம்பில் போடும். அவரை வாசமும் கருவாட்டு வாசமும் சேர்ந்தால் தெருவில் போகிற பையன்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான்கள். கத்திரிக்காயைக் கொள்ளிக்கட்டை நெருப்பில் சுட்டுத் தோல் உரித்து, பச்சை மொளகா, சின்ன வெங்காயம், உப்பு, ஒரு சொட்டுப் புளி சேர்த்துக் கையாலேயே பிசைந்து கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும். ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறி எடுத்தால் அதில் பிஞ்சுச் சுரைக்காய். கொய்யாவை நாங்கள் பழுக்கவிட்டதே இல்லை, செங்காயிலேயே உப்பு மொளகாத்தூளோடு காலி. பப்பாளி ஒன்று பழுத்தால் ஆயா அதைக் கீறி நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும். கடைசித் துண்டு எங்களுக்கு வரும்போது தோலோடு சேர்த்து வழித்துத் தின்போம்.

இதை எல்லாம் எழுதும்போது சில தோழர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரியும். நமது பக்கங்களில் நாம் பசியைப் பற்றி எழுதியிருக்கிறோம். செத்த மாட்டுக் கறியைப் பற்றி, எச்சிற்சோறு பற்றி எழுதியிருக்கிறோம். எழுதத்தான் வேண்டும். நல்லாத் தின்னதைப் பற்றி எழுதினால் மட்டும் போராட்டக் குணம் குறைந்துவிடும் என்று யார் சொன்னது? 1936ல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்து சக்வாராவில் தீண்டப்படாதவர் ஒருவர் சொந்தக் காசில் விருந்து வைத்து நெய் பரிமாறினார். தடிகளோடு வந்து அடித்தார்கள். சாதியை அழித்தொழித்தல் பற்றி எழுதியபோது அம்பேத்கர் அதை மறக்காமல் எடுத்துச் சொல்கிறார். அடித்தவர்களுக்கு வயிற்றெரிச்சல் அந்த ஆட்கள் சாப்பிட்டதற்கு இல்லை, ருசியாகச் சாப்பிட்டதற்கு. நம்முடைய ருசியைப் பார்த்து அவர்களுக்கே இவ்வளவு எரிச்சல் இருக்கும்போது நாம் ஏன் அதை ஒளித்து வைக்க வேண்டும்?

இன்னொரு விஷயம் எனக்குச் சின்ன வயசிலேயே புரியாமல் இருந்தது. பொங்கலுக்கு முன்னால் ஊர்த்தெருவிலிருந்து ஆள் வரும். கூரை மேல் இருக்கிற பரங்கிக்காயில் பெரிசாகப் பார்த்து அவரே ஏறி அறுத்துக்கொண்டு போவார். கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. முருங்கைக்காயும் அப்படித்தான், தொரட்டியோடு வருவார்கள். ஆயா ஏதாவது முணுமுணுத்தால், அவங்க கொல்லையில வேலை செஞ்சுதான நம்ம வயிறு ரொம்புது என்று தாத்தா அடக்கிவிடுவார். எங்கள் கையால் ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிக்காத வாய், எங்கள் கூரையில் காய்த்த பரங்கிக்காயைப் பொங்கலுக்குக் கூட்டு வைத்துச் சாப்பிட்டது. காய்க்குத் தீட்டு கிடையாது, சமைத்த கைக்குத்தான் தீட்டு. 2018ல் திருப்பூர் மாவட்டத்தில் அருந்ததியர் அம்மா ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதியார் தகராறு செய்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் சாம்பாரில் போட்ட கத்திரிக்காயை யார் பறித்தது, யார் மூட்டை கட்டியது என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. உழைப்பு பச்சையாக இருக்கும்வரை அது வேண்டும். உலையில் ஏறியதும் தீட்டாகிவிடும். பார்ப்பனியத்தின் சமையல் குறிப்பு இவ்வளவுதான்.

ஆள் வந்து பரங்கிக்காயை அறுத்துக்கொண்டு போவது ஏதோ ஒரு ஊரின் கெட்ட பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறகு ஹட்டனின் புத்தகத்தில் ராமநாதபுரம் சங்கதியைப் படித்தேன். 1931 ஜனத்தொகைக் கணக்கெடுப்பின் கமிஷனராக இருந்த ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றி 1946ல் எழுதிய புத்தகம் அது. ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் மேல் ஆதிக்க சாதியார் 1930 டிசம்பரில் 8 தடைகளைப் போட்டார்கள். 1931 ஜூனில் அதை 11 ஆக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது, பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதெல்லாம் நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுவது. அதிகம் சொல்லப்படாதது நிலம் பற்றிய தடை. சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதார்களுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. அப்படியும் மழைத் தண்ணியை வைத்து ஏதாவது விளைந்துவிட்டால், அறுவடைக்கு முற்றியிருக்கும்போது அதைக் கொள்ளையடித்துவிட வேண்டும்.

திரும்ப ஒருமுறை படியுங்கள். ஏரித் தண்ணி அவர்களுடையது, சரி. வானத்திலிருந்து விழுகிற தண்ணிக்கு யாரும் பட்டா வாங்கவில்லையே? அதில் விளைந்தாலும் விடாதே என்கிறான். விதைக்கும்போது தடுக்கச் சொல்லவில்லை. நட்டு, களை பறித்து, காவல் காத்து, முற்றட்டும், அப்புறம் எடு. எங்கள் கூரை மேல் ஏறியவர் அந்தத் தடைப் பட்டியலைப் படித்திருக்க மாட்டார். அவருக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது.

சட்டத்துக்கு இது புரிய எத்தனை வருசம் ஆச்சு பாருங்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தலித் நிலத்தை ஆக்கிரமிப்பதும், நிலத்தையும் தண்ணீரையும் அனுபவிக்கவிடாமல் இடைஞ்சல் செய்வதும் குற்றமாக இருந்தது. பயிரை அழிப்பது, விளைச்சலை எடுத்துக்கொண்டு போவது என்று பேர் சொல்லிச் சேர்த்தது 2015 திருத்தத்தில்தான். 1931லிருந்து கணக்குப் போட்டால் 84 வருசம். கூரை மேல் ஏறி ஒரு பரங்கிக்காயை அறுத்தாலும் அந்தப் பிரிவில் புகார் எழுதலாம் என்பதை மாணவத் தோழர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டேஷனில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எழுதிக் கொடுங்கள்.

அதே 2015 திருத்தம்தான் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் தனிக் குற்றமாக்கியது. ஆனா அம்பேத்கர் இதை 1930லேயே வட்டமேசை மாநாட்டில் கேட்டுவிட்டார். 1922ல் பர்மாவில் வந்த பகிஷ்காரத் தடுப்புச் சட்டத்தை அப்படியே எடுத்து, கொஞ்சம் மாற்றி, இதைப் போல எங்களுக்கும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கிராமத்தில் தீண்டப்படாதவனை அடக்க அடிதடியை விட ஊர்க்கட்டுப்பாடுதான் பெரிய ஆயுதம் என்று அவருக்குத் தெரியும். கடையில் சாமான் தராதே, வேலைக்குக் கூப்பிடாதே, வரப்பில் கால் வைக்க விடாதே, நாலு நாளில் தானாக வந்து காலில் விழுவான்.

எங்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு போட்டார்கள். 90களின் நடுவில், சாவுக்கு மேளம் அடிக்க மாட்டோம் என்று எங்கள் தெருப் பையன்கள் சொன்னதற்காக. நான் அப்போது காலேஜில் முதல் வருசம். ஊர்த்தெருக் கடையில் தீப்பெட்டிகூடத் தரவில்லை. பால் இல்லை. கழனி வேலை இல்லை. ஆடு ஓட்ட வரப்பு இல்லை. வரப்பில் கீரை பறிக்கப் போன பெண்களைத் துரத்திவிட்டார்கள். ஒன்றரை மாசம் போல நடந்தது. ரேஷன் அரிசி இருந்தது, ஆனா வெறும் சோற்றை எத்தனை நாள் தின்பது? அந்த ஒன்றரை மாசத்தில் எங்கள் தெருவில் இருந்த முருங்கை மரங்களெல்லாம் மொட்டைக் கழியாக நின்றன. கீரை, பூ, பிஞ்சு, ஒன்று விடவில்லை. பச்சைப் பப்பாளியைத் துருவிப் பொரியல் செய்தோம். வாழைத்தண்டு, வாழைப்பூ. கோவைக்காயை அதுவரை ஆடுதான் தின்றுகொண்டிருந்தது, அதையும் வதக்கினோம். யார் வீட்டில் என்ன இருக்கோ அது மாறி மாறிப் போனது. தோட்டம் இல்லாத வீடுகளும் இருந்தன, அவர்களுக்கும் போனது. அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் பெரிய கொள்கை விளக்கம் எல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. சுரைக்காய் இருந்தது, அதனால் காலில் விழவில்லை. இதைத்தான் நான் மேடையில் சொல்லியிருக்க வேண்டும்.

அவர்களுக்கும் அது புரிந்துவிட்டது. ஒரு ராத்திரி வந்து கொடிகளை எல்லாம் அடியில் அறுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் கூரையில் மட்டும் 11 பரங்கிப் பிஞ்சுகள். காலையில் ஒன்றும் தெரியவில்லை, இலையெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. வெயில் ஏற ஏற ஒவ்வொரு இலையாகத் தொங்கியது. ஆயா அப்போதுதான் அடியைப் போய்ப் பார்த்தது. முருங்கையையும் வெட்டியிருந்தார்கள். முருங்கை திரும்பத் துளிர்த்தது. துளிர்த்தது என்று எழுதினால் கவிதையாகிவிடும், நம் கவிஞர்களுக்கு அது போதும். பரங்கிக்கொடி துளிர்க்கவில்லை. ஆயா அந்த 11 பிஞ்சையும் பறித்து, தின்ன முடிந்ததைத் தின்னக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஆட்டுக்குப் போட்டது. சமாதானக் கூட்டத்தில் அதிகாரி இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். மேளம் அடிப்பதில்லை என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அறுத்த கொடிக்கு யாரும் நஷ்டஈடு கேட்கவும் இல்லை. நாங்களே கேட்கவில்லை. காய்கறிதான, அதை எல்லாம் மனுவில் எழுதுவார்களா என்று நான்தான் ஆயாவிடம் சொன்னேன். படித்தவன் அல்லவா.

அமெரிக்காவில் மிசிசிப்பியில் ஃபானி லூ ஹேமர் என்று ஒரு கறுப்பினப் பெண்மணி. பருத்திப் பண்ணையில் கூலி. 1962ல் ஓட்டுரிமைக்குப் பதிவு செய்யப் போனார் என்பதற்காகப் பண்ணை முதலாளி அவரை அன்றைக்கே வெளியேற்றினார். அதற்கப்புறம் அவர் அடிபட்டது, ஜெயிலுக்குப் போனது, பெரிய மாநாடுகளில் பேசியது எல்லாம் வரலாறு. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் 1969ல் செய்தது. சன்ஃபிளவர் கவுண்டியில் 40 ஏக்கர் வாங்கிச் சுதந்திரப் பண்ணை என்று ஒரு கூட்டுறவை ஆரம்பித்தார். பீன்ஸ், வெண்டைக்காய், கீரை. அதோடு பன்றி வங்கி: ஒரு குடும்பத்துக்குப் பன்றி கொடுப்பார்கள், குட்டி போட்டால் அதிலிருந்து அடுத்த குடும்பங்களுக்குப் போகும். ஓட்டுப் போட்டால் வேலை போகும், வேலை போனால் சோறு போகும் என்கிற சங்கிலியை அவர் சோற்றுப் பக்கத்தில் வெட்டப் பார்த்தார். அந்தப் பண்ணை நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பணமில்லாமல், மழை வெள்ளத்தில் அடிபட்டு, 1970களின் நடுவில் நொடித்துப் போனது. ஆனாலும் சோறு யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் ஓட்டும் இருக்கிறது என்பதை அவர் நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார்.

பக்கத்தில் கேரளத்துக்கு வருவோம். அங்கே நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1ல் நடைமுறைக்கு வந்தது. ஜன்மியின் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்கு, பஞ்சாயத்துப் பகுதியில் குடிசையைச் சுற்றி 10 செண்ட் வரை உரிமை. சட்டம் தானாக வந்து கையில் விழவில்லை. 1969 டிசம்பரில் ஆலப்புழை மாநாடு கொடுத்த அறைகூவலை ஏற்று, விவசாயக் கூலிகள் குடிசையைச் சுற்றி 10 செண்டை அளந்து வேலி கட்டினார்கள். உள்ளே நின்ற தென்னையிலிருந்து தேங்காயை இறக்கினார்கள். தோட்டத்தில் காய் பறிப்பதையே போராட்ட வடிவமாக்கினார்கள். குடிசையில் இருப்பவன் குடிசைக்குப் பக்கத்தில் நிற்கிற மரத்தின் காயைத் தொடக்கூடாது என்றிருந்த இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை. நம்முடைய தமிழ்நாட்டிலும் 1971ல் குடியிருப்புச் சட்டம் வந்தது, மிராசுதார் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தமானது. கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்து மூன்று வருசம்கூட ஆகவில்லை அப்போது.

ஆனா கேரளத் தலித் தோழர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள், அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். குத்தகைதாரனுக்கு வயல் போனது, அந்த வயலில் இறங்கி வேலை செய்த புலையருக்கும் பறையருக்கும் 10 செண்ட் போனது. தோட்டத்தைக் கொடுத்து நிலத்தை மறக்கடித்துவிட்டார்கள் என்கிறார்கள். 2007ல் செங்கறையில் ரப்பர் தோட்டத்துக்குள் போய்க் குடில் போட்டவர்கள் அந்த 10 செண்ட் கணக்கைத் தீர்க்கத்தான் போனார்கள். நியாயம்தான். கூரை மேல் ஒரு சுரைக்கொடி இருக்கிறது என்பதற்காக யாராவது என்னிடம் வந்து, உங்களுக்கு எதுக்குப் பஞ்சமி நிலம், தோட்டம்தான் இருக்கே என்றால் நான் செருப்பைத் தேடுவேன். 3 செண்டில் அவரை போடலாம், நெல் போட முடியாது. நான் சொல்வது வேறு. 3 செண்டில் என்ன போடுவது என்று தெரிந்த ஆளிடம் கேட்காமல் 12 லட்சம் ஏக்கரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அம்பேத்கர் கிராமத்தை வெறுத்தவர், நீ கிராமத்துத் தோட்டத்தைப் பற்றிப் பஜனை பாடுகிறாயே என்று ஒரு தோழர் கேட்டார். 1948 நவம்பர் 4 அரசியல் நிர்ணய சபைப் பேச்சை எனக்கே எடுத்துக் காட்டினார். நானும் அதைப் படித்தவன்தான். அவர் வெறுத்தது கிராமம் என்கிற சாதி ஆட்சியை, மண்ணை இல்லை. 1942ல் நாக்பூரில் தாழ்த்தப்பட்டோர் மாநாடு தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947ல் அவர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நிலத்தை அரசுடைமையாக்கிக் கூட்டுப் பண்ணையாக நடத்தச் சொல்கிறது. ஊர்த்தெருவின் தொரட்டி எட்டாத இடத்தில் ஒரு முருங்கை மரம், இதில் அவருக்கு என்ன ஆட்சேபணை இருந்திருக்கும்?

நான் பஜனை பாடுகிற கோஷ்டி இல்லை என்பதற்கு இன்னொரு அத்தாட்சியும் தருகிறேன். இப்போது பட்டணத்தில் மாடித்தோட்டம் ஒரு மோஸ்தர். அரசாங்கமே மானியத்தில் பையும் தென்னை நார்க் கழிவும் விதையும் விற்றது. செய்யட்டும், ஒரு பெண் மாடியில் நாலு கத்திரிச் செடி வளர்த்தால் எனக்குச் சந்தோசம்தான். ஆனா கூடவே ஒரு சொல்லாடல் வருகிறது பாருங்கள், பாட்டி காலத்து உணவு, பசு கொடுத்த ஐந்து அமுதம், சாத்வீகம், மண்ணோடு ஒன்றிய நம் முன்னோர். யாருடைய பாட்டி? எங்கள் ஆயா நண்டும் நத்தையும் தின்றது, வயலெலி தின்றது, சுரைக்காயை மாட்டுக்கறியில் போட்டது. எங்கள் தோட்டத்துக் காய்க்குச் சைவம் தெரியாது. முன்னோர் மண்ணோடு ஒன்றியிருந்தார்களாம். கொடுத்தால்தான ஒன்றுவதற்கு.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் யோக்கியன் இல்லை. இந்தத் தோட்டத்துக்கு நான் ஒரு குடம் தண்ணி ஊற்றியதில்லை. தாத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை. கழனி வேலை முடித்து வந்து, கைப்பம்பில் வரிசையில் நின்று, குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் பிடித்த பிறகு, அரிசி கழுவிய தண்ணியையும் பாத்திரம் கழுவிய தண்ணியையும் வீணாக்காமல் செடிக்குச் செடி கொண்டுபோய் ஊற்றியது ஆயா, அப்புறம் அம்மா. ருசியை ஒரு பக்கம் எழுதினேனே, அது முழுக்க அவர்கள் முதுகு. கேள்வி கேட்ட மாணவி ‘எங்கம்மா போடுது’ என்றுதான் சொன்னது, ‘எங்கப்பா’ என்று சொல்லவில்லை. மேடையில் இருந்த 5 பேரும் ஆம்பளைகள். ஏன் பதில் வரவில்லை என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

இப்போது தோட்டம் சுருங்கிவிட்டது. ஆயா செத்த பிறகு 3 செண்டை அப்பாவும் சித்தப்பாவும் பிரித்துக்கொண்டார்கள். தொகுப்பு வீடு வந்தது, கூரை போனது, கூரையோடு கொடியும் போனது. காங்கிரீட் மேல் பரங்கிக் கொடி ஏற்றினால் வெயிலில் பிஞ்சு வெந்துவிடுகிறது. அவரைப் பந்தல் இருந்த இடத்தில் அரசாங்கத் திட்டத்தில் கட்டின கக்கூஸ். அது வேண்டாம் என்று சொல்ல நான் யார், அம்மா இருட்டில் ஏரிக்கரைக்குப் போனதை நான் மறக்கவில்லை. ஆனா இரண்டில் ஒன்றுதான் உனக்கு, கக்கூஸா அவரைக்காயா தேர்ந்தெடு என்று சொல்கிற அளவுக்குத்தான் நமக்கு மண் கொடுக்கப்பட்டிருக்கிறது. மனைப்பட்டா கேட்டு மனு எழுதும்போது 3 செண்ட் என்று நாமே கையடக்கமாகக் கேட்பதை இனிமேலாவது நிறுத்த வேண்டும். 10 செண்ட் என்று எழுதுங்கள். எதற்கு என்று தாசில்தார் கேட்டால், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் என்று எழுதுங்கள். என்ன போடுவீங்க என்று கேட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மா இப்போது உடைந்த குடத்திலும் பெயிண்ட் டப்பாவிலும் அரிசி மூட்டைப் பையிலும் போடுகிறது. போன மாசம் போனபோது இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். “இன்னாத்துக்குடா இதெல்லாம் எழுதிக்கினு, அந்தக் கக்கூஸ் செவுத்து மேல பந்தல் ஏத்தலாம்னு பாக்குறேன், நாலு கழி வெட்டியாந்து குடு” என்றது. வெட்டிக் கொடுத்தேன். வெட்டத் தெரியாமல் கையைக் கிழித்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம். ஆயா வைத்திருந்த அதே அவரை விதை இன்னும் அம்மாவிடம் இருக்கிறது, நாட்டு அவரை, பட்டையாக, ஓரத்தில் ஊதா ஓடியிருக்கும். அடுத்த கருத்தரங்குக்குக் கொண்டுவருகிறேன். அந்த மாணவித் தோழர் இதைப் படித்தால் வந்து வாங்கிக்கொள்ளட்டும், அவர் அம்மாவிடம் இருக்கிற பதினஞ்சில் ஏதாவது ஒன்றைக் கொண்டுவரட்டும். ஆடிக்கு முன்னால் வேண்டும்.